சமையல் நாமே செய்துகொள்ளும் கிராமத்து காட்டேஜ்: ஓய்வா, இடம் மாறிய வீட்டு வேலையா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமான கேள்வி. கணவர், பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் கிராமப்புறத்தில் ஒரு தனி காட்டேஜில் மூன்று இரவு தங்கப் போகிறீர்கள். சாப்பாடு தரமாட்டார்கள், சமையலறை உண்டு. என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும், பூச்சிகளுக்கு என்ன செய்வது, மூன்று இரவு போதுமா என்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: ‘பேசாமல் ஹோட்டலே தேவலையோ?’ எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. வீட்டில் அடுப்படியில் நிற்கிற நான், காசு கொடுத்து இன்னொரு அடுப்படியில் போய் நிற்கப் போகிறேனா என்பதுதான் உங்கள் கவலை. சாமான் பட்டியல் எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் அந்தக் கவலை தீராது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட வாடகை வீடுகளைப் பராமரிப்பது பல வருடங்களாக என் தொழில். சாவி கொடுப்பது, தங்கியவர்கள் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்ப்பது, நடுவில் போன் வந்தால் ஓடுவது எல்லாம் என் வேலை. ஆகவே விளம்பரப் படத்தில் வராத பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. அந்த விஷயங்கள் வருகிற இடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அடிப்படையை மட்டும் சொல்கிறேன். நீங்கள் போகப்போகும் வீட்டை நான் பார்த்ததும் கிடையாது. அந்த வீட்டைப் பற்றிய முடிவை அங்கே போய் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சரி, ஓய்வு. 2010-ல் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். பயணத்துக்கு முன்னால் போகிறவர்களுக்கு மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. திரும்பி வந்த பிறகோ, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ‘மிகவும் நிம்மதியாக இருந்தது’ என்று சொன்னவர்களுக்கு மட்டும்தான் அந்த மகிழ்ச்சி ஊருக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தது. அவரவர் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு அது. காட்டேஜ் நல்லதா ஹோட்டல் நல்லதா என்று அது சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. எந்த வீட்டில் தங்கினார்கள் என்பதைவிட, அந்த வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை வைத்துத்தான் முகம் தெளிந்து போகிறார்களா, சோர்ந்து போகிறார்களா என்பது அமைகிறது. ஒரே ஒருவர் மூன்று வேளையும் சமைத்து, பாத்திரமும் கழுவி, மற்றவர்கள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்குச் சாவி திருப்பித் தரும்போதே அடையாளம் தெரியும்.

அதனால் புறப்படும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் முழுச் சமையல். காலையில் அடுப்பு மூட்டுவது கொதிக்கும் தண்ணீருக்கும், மிஞ்சிப்போனால் முட்டைக்கும் மட்டும். மதியம் கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது. இரவுச் சமையலை ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் கணவர், ஒரு நாள் பிள்ளைகளும் பாட்டியும் சேர்ந்து. சமைத்தவர் அன்றைக்குப் பாத்திரம் தொடக் கூடாது. இதை அங்கே போய்ச் சொன்னால் சண்டையாக முடியும், இங்கேயே சொன்னால் விளையாட்டாக முடியும். இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் ஆள் சம்மதிக்கவில்லை என்றால், தயங்காமல் ஹோட்டலுக்குப் போங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. சம்மதித்தார்கள் என்றால் காட்டேஜுக்கே போங்கள்; பிள்ளைகள் ஓடி விளையாட இடமும், பக்கத்து அறைக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற பயமில்லாத இரவும் ஹோட்டலில் கிடைக்காது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பயணம் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள். நினைத்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள், இருட்டியிருக்கும், சுவிட்ச் எது எதற்கு என்று தெரியாது, பிள்ளைகளுக்குப் பசி. அந்த நேரத்தில் புது அடுப்போடு மல்லுக்கட்டக் கூடாது. வீட்டிலேயே சமைத்ததையோ, சூடுபடுத்தினால் போதும் என்கிற ஒன்றையோ, சூடே தேவைப்படாததையோ கொண்டு போங்கள். சீக்கிரம் கெடக்கூடிய உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. வெயில் கடுமையாக இருந்தால் 1 மணி நேரம். தண்ணீர் பாட்டில்களை முந்தின நாளே உறைய வைத்து அவற்றுக்கு நடுவில் உணவை அடுக்கினால் பயணத்தைத் தாங்கும், உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். இன்னொன்று: காலியாக இருந்த வீட்டில் ஃப்ரிட்ஜை அணைத்து வைத்திருப்பார்கள். சுவிட்ச் போட்டதும் உள்ளே விளக்கு எரியும், எல்லாம் சரியென்று பாலையும் இறைச்சியையும் அடுக்கிவிடுவோம். அது முழுதாகக் குளிர்வதற்கு நாலைந்து மணி நேரமாவது ஆகும். வருவதற்குள் ஃப்ரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லி வீட்டுக்காரருக்குக் காலையிலேயே ஒரு செய்தி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

சமையலறையைப் பற்றி விளம்பரத்தில் ‘எல்லா வசதியும் உண்டு’ என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யாக இருக்காது, ஆனால் அந்த ‘எல்லாம்’ யாருடைய கணக்கு என்பதில்தான் விஷயம். தட்டு, டம்ளர், கரண்டி நிச்சயம் இருக்கும். பெரும்பாலும் இல்லாதவை: கூர்மையான கத்தி, தன் மூடி பொருந்துகிற ஒரு பாத்திரம், அடி பிடிக்காத வாணலி, டப்பா திறக்கும் கருவி, உலர்ந்த துணி. நாலு பேர் படுக்கிற வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கும் அளவு பாத்திரம் இருப்பது அபூர்வம். நான் எடுத்துப் போகச் சொல்வது உங்கள் கைக்குப் பழகிய ஒரு கத்தி, மூடியோடு ஒரு பெரிய பாத்திரம், உப்பு, எண்ணெய், தீப்பெட்டி, இரண்டு மூன்று பழைய துணிகள். கத்தியை மறந்துவிட்டீர்கள் என்றால் அங்கே இருக்கிற பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவட்டத்தில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும். அதில் அந்த வீட்டு மொட்டைக் கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால், தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்குகிற அளவுக்குப் பதம் வந்துவிடும். கழுவித் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடுப்பு எந்த வகை என்று முன்கூட்டியே கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் நீங்கள் கொண்டு போகும் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்த அடுப்பில் அது சூடாகாது. சாதாரண அலுமினியப் பாத்திரம், செம்புப் பாத்திரம் இரண்டும் அப்படித்தான். வீடு மலை மேலே இருந்தால் இன்னொரு சங்கதி. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், பயறு மட்டும் வேகாது. பிரஷர் குக்கர் உள்ளே அழுத்தம் ஏறுவதால் அங்கேயும் 115 டிகிரிக்கு மேல் போகும். இடம் அடைத்தாலும் மலைக்குக் குக்கர் கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

இனி வீட்டுக்கு வருவோம். ஹோட்டலில் தண்ணீர், மின்சாரம், வெந்நீர், கழிவு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் கவனித்துக்கொள்வார். கிராமப்புறத் தனி வீட்டில் இவை எல்லாமே அந்தச் சின்ன மனைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன: தண்ணீர் அந்த வீட்டுக் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் குழாயிலிருந்தோ வரும், கழிவு அந்த வீட்டு செப்டிக் டேங்கில் இறங்கும், எரிவாயு வெளியே நிற்கிற சிலிண்டரிலிருந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரிந்துவிட்டால் வீடு நம்மைத் தொந்தரவு செய்யாது. முதல் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். பெட்டியைப் பிரிப்பது அப்புறம் ஆகட்டும்.

எனக்கு அதிகமாக வருகிற போன் வெந்நீரைப் பற்றித்தான். ‘கீசர் கெட்டுப்போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. கணக்கைப் பாருங்கள்: 50 லிட்டர் கீசர், 2 கிலோவாட் காயில். 20 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர சுமார் 70 நிமிடம் வேண்டும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 100 லிட்டர் தேறும். ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் இறைக்கும். ஆக, ஒரு பிள்ளை ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நின்று பாடினால் கதை முடிந்தது. அடுத்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. அதே 100 லிட்டரை 20 லிட்டர் வாளியில் பிடித்தால் உங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு வாளி சரியாக வரும். ஷவர்தான் வேண்டும் என்றால் காலையில் மூன்று பேர், மாலையில் இரண்டு பேர் என்று பிரித்து, ஆளுக்கு மூன்று நாலு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மாமியாரை முதலில் அனுப்பிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

பல நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் குழாய்களில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கும். 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட டிகிரியில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அது நீர்த்திவலைகள் வழியாக மூச்சில் போனால் நிமோனியா வரக்கூடும், வயதானவர்களுக்கு ஆபத்து கூடுதல். போனவுடன் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஷவர் தலையை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்து, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். கீசரை 60 டிகிரியில் வைத்திருப்பது நல்லது. வீட்டுக்காரர் 60-ல் வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் நேராகப் பட்டால் குழந்தைத் தோல் சில வினாடிகளில் வெந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நீங்களே கலந்து கொடுங்கள்.

குடிதண்ணீரில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்திருக்கிறது. கிருமிகளைப் பொறுத்தவரை, தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். இது உறுதி. ஆனால் கொதிக்க வைப்பதால் நைட்ரேட், உலோகம், பூச்சிமருந்து போன்றவை போகாது. தண்ணீர் வற்றுவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். விவசாய நிலத்துக்கு நடுவில் இருக்கிற கிணற்றில் நைட்ரேட் இருக்கிறதா இல்லையா என்று பார்வைக்கோ ருசிக்கோ தெரியாது, சோதனைக்கூடத்தில்தான் தெரியும். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வயது என்பதால் மூன்று நாளில் பெரிய கவலை இல்லை. பால் மாவு கலந்து கொடுக்கிற கைக்குழந்தை யாராவது கூட வருவதாக இருந்தால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்று வரம்பு வைத்திருப்பதே முக்கியமாகக் கைக்குழந்தைகளை நினைத்துத்தான்.

செப்டிக் டேங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்கவும். அது உயிருள்ள ஓர் அமைப்பு. உள்ளே இருக்கிற பாக்டீரியாதான் வேலை செய்கிறது. ஈரத் துடைதாளை (வெட் வைப்ஸ்) அதில் போடாதீர்கள், உறையில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று எழுதியிருந்தாலும் சரி. சமையல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். நான் திறந்து பார்த்த அடைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டால் வந்தவைதான்.

மின்சாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. 230 வோல்ட் உள்ள நாடுகளில் 16 ஆம்பியர் லைன் ஒன்று தாங்குவது கிட்டத்தட்ட 3,700 வாட். கீசர் 2,000, எலெக்ட்ரிக் கெட்டில் 2,000. இரண்டும் ஒரே லைனில் இருந்தால் ட்ரிப் ஆகக்கூடும். ஆனால் வீடு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. வெளிச்சம் இருக்கும்போதே மெயின் பெட்டி எங்கே என்று பார்த்து வையுங்கள். ஒன்றை அணைத்துவிட்டு சுவிட்சை மேலே தள்ளினால் வந்துவிடும். மறுபடியும் உடனே விழுந்தால் அதற்கு மேல் கை வைக்காமல் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் வேகமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். கணப்பு அடுப்பு, கரி அடுப்பு, எரிவாயு ஹீட்டர், எரிவாயு கீசர் இதில் எது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற ஆபத்து கூடவே இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும், தீ விபத்து சம்பந்தப்படாமல் தற்செயலாக இந்த வாயுவால் ஆண்டுக்கு 400-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று காய்ச்சல் இல்லாத ஃப்ளூ போலத் தொடங்கும். வீட்டுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலிக்கிறது, வெளியே போனால் குறைகிறது என்றால் பயணக் களைப்பு என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுபோய்விட்டு, அங்கிருந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

இது நடக்கிற விதம் எப்போதும் ஒரே மாதிரிதான். வெளியே கரி அடுப்பில் சுடுகிறார்கள், மழை வருகிறது, அடுப்பை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். அல்லது சாப்பிட்ட பிறகு ‘கங்கு அணைந்துவிட்டது, அறை கதகதப்பாக இருக்கட்டும்’ என்று கூடத்தில் வைக்கிறார்கள். ஜுவாலை அடங்கி, சாம்பல் பூத்து, கண்ணுக்குச் சாதுவாகத் தெரிகிற கரிதான் இந்த வாயுவை நிறைய விடும். கரி அடுப்பு ராத்திரி முழுக்க வெளியிலேயே இருக்கட்டும். சொந்தமாக ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி எடுத்துப் போவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை; உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த வீட்டிலேயே ஒன்று மாட்டியிருந்தால் சோதனைப் பொத்தானை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி எடுக்கப்பட்ட அலாரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ரிமோட்டுக்குப் போட்டிருப்பார்கள்.

கணப்பு மூட்ட ஆசைப்பட்டால் விறகைப் பாருங்கள். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். எரிக்கத் தகுந்ததில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் தேவையில்லை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டங்’கென்று கேட்கும், ஈரமானது ‘தொப்’பென்று அமுங்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல்கள் ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும். ஈரக்கட்டையை நெருப்பில் வைத்தால் வெட்டுமுகத்திலிருந்து நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சத்தம் வரும். வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகைதான் மிச்சம். அந்தப் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படிந்து பிற்பாடு தீப்பிடிக்கவும் காரணமாகும். புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கணப்பை விட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு போர்வை போர்த்திக்கொள்வதே மேல்.

சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு இருக்கிற இடத்தில் குமிழ் விடும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ செய்யாமல், வால்வை மூடிவிட்டு, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கடுங்குளிரான இடத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு: சிலிண்டர் பாதி நிறைந்திருக்கும், அடுப்பு மட்டும் சுணங்கும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடுவதுதான் காரணம். புரோப்பேன் என்றால் மைனஸ் 42 வரை தாங்கும். என்ன ஆனாலும் சிலிண்டரை நெருப்பு காட்டிச் சூடேற்ற மட்டும் கூடாது.

பூச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின் ஒலி எழுப்பி கொசு விரட்டுவதாக விற்கும் கருவியை வாங்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2007 மதிப்பாய்வு 10 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றில்கூடப் பயன் தெரியவில்லை. கொசுவலை, முழுக்கை உடை, தோலில் தடவும் மருந்து இவைதான் வேலை செய்யும். வாசல் விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டால் சுற்றுவட்டாரப் பூச்சி எல்லாம் கதவடியில் கூடும், அவற்றைத் தின்ன தவளை வரும், அதன் பின்னால் வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே கால் வைக்கும்போது டார்ச், காலையில் செருப்பை உதறிப் போடுவது, இது போதும். பூச்சிக்குப் பயப்படுகிறவர்கள் தண்ணீருக்குப் பயப்படாமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு. மனையில் கிணறு, குளம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி எது இருந்தாலும் பிள்ளைகளை இறக்கிவிடும் முன் நீங்கள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். குழந்தைகள் தண்ணீரில் சத்தமில்லாமல்தான் மூழ்குவார்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருக்கிறதென்றால் அந்த வீட்டை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மூன்று இரவு போதுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது எல்லோருக்கும் தெரியும். 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு ஒரு காரணமும் காட்டினார்கள்: முதல் இரவில் மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி வலதைப்போல ஆழ்ந்து தூங்குவதில்லை, காவல் காப்பது போல அரைவிழிப்பில் இருக்கிறது; அதே இடத்தில் மறுமுறை படுக்கும்போது அது குறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில், ஆரோக்கியமான இளைஞர்களிடம் செய்த சோதனை அது. உங்கள் மாமியாருக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரே ஓர் இரவு தங்குவது வீண் என்பதும், மூன்று இரவு என்றால் இரண்டாவது நாள் மதியத்திலிருந்துதான் உடம்பு தளர்ந்து கொடுக்கும் என்பதும் என் அனுபவம். முதல் நாள் எங்கும் சுற்றப் போகாதீர்கள். கிராமம் என்றால் அமைதி என்று நினைத்துப் போகிறவர்களுக்குத் தவளையும் சில்வண்டும் விடியாமலே கூவுகிற சேவலும் அதிர்ச்சியாக இருக்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் காதடைப்பான் எடுத்துப் போகலாம். மாமியாரின் தலையணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை எத்தனை படி, எங்கே தட்டும் என்று பகலிலேயே அவரோடு ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு செருகிவிடுங்கள்.

முன்பதிவை உறுதி செய்யும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை மேலே ஆங்காங்கே வந்துவிட்டன: தண்ணீர் எங்கிருந்து, கீசர் எத்தனை லிட்டர், அடுப்பு எந்த வகை. இன்னும் இரண்டு மூன்று உண்டு. ‘ஆறு பேர் தங்கலாம்’ என்றால் அதில் எத்தனை பேருக்குக் கட்டில், எத்தனை பேருக்கு சோபா என்று கேளுங்கள். படங்களை அகலக் கோண லென்ஸில் எடுப்பார்கள், அறை கட்டாயம் பெரிதாகத்தான் தெரியும்; கட்டிலைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால் உண்மை அளவு பிடிபடும். வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல், கடைசி இரண்டு கிலோமீட்டர் பாதை எப்படி, இருட்டில் வரலாமா என்று கேளுங்கள். எனக்குப் பிடித்த கேள்வி வேறு: ‘இதற்கு முன் தங்கியவர்கள் எதற்காக உங்களுக்குப் போன் செய்தார்கள்?’ நேர்மையான ஆள் சிரித்துக்கொண்டே வெந்நீர் என்றோ, வைஃபை என்றோ சொல்லிவிடுவார். ‘யாருமே போன் செய்ததில்லை’ என்று சொல்கிறவரிடம் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன்.

செல்போன் சிக்னல் இருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகையை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். கதவு எண்ணே இல்லாத இடத்துக்கு ஆம்புலன்ஸை வரவழைக்க அதுதான் உதவும். பல நாடுகளில் 112 அவசர எண், உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத இடம் என்றால் போகாது, அதனால் வீட்டில் எந்த மூலையில், எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து வையுங்கள். மாமியார் தினமும் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் பாதை அடைபட்டால் ஒரு நாள் அதிகமாகத் தங்க நேரலாம்.

கிளம்பும்போது வீட்டைப் பளபளவென்று துடைத்து வைக்க வேண்டியதில்லை. துப்புரவுக் கட்டணம் பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் இருக்கும். பாத்திரம் கழுவியிருந்தால், குப்பை வெளியே போயிருந்தால், சிலிண்டர் வால்வு மூடியிருந்தால் போதும். ஏதாவது உடைந்திருந்தால் அல்லது ஒழுகினால் சொல்லிவிட்டுப் போங்கள். கோப்பை உடைந்ததற்கு யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் சொட்டிய தண்ணீரைத் துணி வைத்து மறைத்துவிட்டுப் போனவர்களால்தான் மரப்பலகை உப்பி, அடுத்த வாரம் வருகிறவருக்கு வீடு கொடுக்க முடியாமல் போகும்.